எஃப்ஐ வண்டிய கார்ப்ரேட்டருக்கு மாத்தியாச்சு, நடுரோட்ல நின்னுருது. என்ன ஜெட் போடலாம்?

மேலூர்க்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். அவசரம். எஃப்ஐ (பம்ப் வச்சு பெட்ரோல தெளிக்கிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிய கார்ப்ரேட்டருக்கு மாத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஸ்டார்ட்டிங் சூப்பர், ஐடிலிங் சூப்பர், இழுவையும் பழுதில்ல. ஆனா கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கி தானா ஆஃப் ஆயிருது. ஓரமா நிப்பாட்டி ஒரு டீ குடிச்சிட்டு வந்து அடிச்சா ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. நேத்து நத்தம் ரோடு பறக்கும் பாலத்து மேல, மொட்ட வெயில்ல நின்னு போச்சு. தள்ளித் தள்ளி நாக்கு தள்ளிருச்சு. மெயின் ஜெட் (கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஓட்டைத் திருகு) என்ன நம்பர் போட்டா சரியாகும்? வெள்ளிக்கிழமை திண்டுக்கல்ல கல்யாணம், அதுக்குள்ள வேணும்.

ஸ்பேனர் பாண்டி:
என்ன வண்டி தம்பி?

ஊமச்சிகுளத்தான்:
என்ன வண்டி, எந்த வருசம், என்ன கார்ப்ரேட்டர், சிடிஐ (பிளக்குல பொறி விழ வைக்கிற பெட்டி) எது, டேங்க் எது? நின்ன இடத்த மட்டும் துல்லியமா சொல்லிட்டீங்க. அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர். எந்தப் பக்கம் தள்ளுனீங்களோ, பாவம்.

ஜெட்டு ஜெகன்:
வண்டி எதுவா இருந்தா என்ன. லீனா ஓடுது, அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, அம்புட்டுதேன். இப்ப பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு, அதனால அதே காத்துக்குக் கூடுதலா பெட்ரோல் விடணும். சென்சார் வச்ச எஃப்ஐ தானா பாத்து விட்டுக்கும். கார்ப்ரேட்டருக்குக் கண்ணா இருக்கு? மெயின் ஜெட்ட ஒரு சைஸ் பெருசாக்குங்க, பத்தலைன்னா இன்னொரு சைஸ். பிளக்கு வெள்ளையா இருக்கும் பாருங்க, அப்ப நான் சொன்னது சரின்னு தெரியும்.

கரிமேடு சீனியர்:
இதே கேள்விக்கு இங்க பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கோம். தேடிப் பாக்குற பழக்கம் இப்ப யாருக்கும் இல்ல. தம்பி, எஃப்ஐங்கிறது பெட்ரோல மட்டும் பாக்குற சாமான் இல்ல. பிளக்குல எந்த நேரத்துல பொறி விழணும்ங்கிறதையும் அதே ஈசியூ பெட்டிதான் (வண்டியோட கம்ப்யூட்டர்) முடிவு பண்ணுது. இஞ்சினோட சுத்துற மேக்னட்டு மேல இருக்குற பல்லு எண்ணிக்கைய பிக்கப் காயில் படிச்சு, கிராங்க் எங்க நிக்குதுன்னு அதுக்குச் சொல்லும். கார்ப்ரேட்டர் வண்டியோட சிடிஐக்கு அந்த பாஷை புரியாது. இன்ஜெக்டர கழட்டி எறிஞ்சிட்டு கார்ப்ரேட்டர மாட்டுனா மாத்தியாச்சுன்னு அர்த்தமா? உங்க மெக்கானிக் இதுல என்னென்ன செஞ்சாருன்னு சொல்லாம ஜெட் நம்பர் கேக்குறது, ஆளையே பாக்காம சட்டைக்கு அளவு கேக்குற மாதிரி.

மேலூர்க்காரன்:
சாரிண்ணே. பல்சர் 220. 2008.

ஊமச்சிகுளத்தான்:
அட, டிடிஎஸ்-எஃப்ஐயா! இன்னும் வச்சிருக்கீங்களா? 2007ல அது வந்தப்ப நாங்க காலேஜ் வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாத்த வண்டி. வேடிக்கை என்னன்னா, 2009ல கம்பெனியே அந்த எஃப்ஐய எடுத்துட்டு 32 எம்எம் கார்ப்ரேட்டர் மாட்டி விட்டாங்க. பவர் 20ல இருந்து 21 ஆச்சு, விலையும் குறைஞ்சுச்சு. அதனால நீங்க புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம், வேண்டிய சாமான் எல்லாம் கார்ப்ரேட்டர் 220லயே இருக்கு. அதுல எதெல்லாம் மாத்துனீங்க?

மேலூர்க்காரன்:
சித்தப்பா வண்டிண்ணே. அவரு சிங்கப்பூர் போனதுல இருந்து வீட்லயே கெடந்துச்சு. டேங்க் உள்ள துரு, பம்ப் இறுகிருச்சு. பம்ப் தேடாத கடையில்ல. அப்புறம் கார்ப்ரேட்டர் 220 ஒன்னு உடைக்க வந்துச்சு. அதுல இருந்து கார்ப்ரேட்டர், மேனிஃபோல்டு ரப்பர், மேக்னட், பிக்கப் காயில், சிடிஐ, ஒயரிங் மொத்தமா எடுத்து மாட்டியாச்சு. லைட்டு, ஹாரன் எல்லாம் வேலை செய்யுது.

கரிமேடு சீனியர்:
இத மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு எழுத வேண்டியதில்ல.

ஸ்பேனர் பாண்டி:
சூடானா நிக்குது, ஆறுனா ஓடுது. இது நூத்துக்கு நூறு பிக்கப் காயில். அதுவும் உடைக்க வந்த வண்டியில இருந்து எடுத்தது, கேக்கவே வேணாம். சூட்டுல உள்ள சுத்தியிருக்குற கம்பி விரிஞ்சு தொடர்பு விட்டுரும், ஆறுனா ஒட்டிக்கும். வண்டி நின்ன அந்த நிமிசமே பிளக்க கழட்டி கேப்போட மாட்டி, ஹெட்டுல பட வச்சு செல்ஃப் அடிங்க. பொறி வருதா இல்லையான்னு தெரிஞ்சுரும். பிளக் ஓட்டைக்கிட்ட வச்சு அடிக்காதீங்க, பெட்ரோல் ஆவி இருக்கும். தள்ளி வைங்க.

ஜெட்டு ஜெகன்:
காயில் போனா திடீர்னு கட் ஆகும் பாண்டி. தம்பி மூச்சு வாங்கி நிக்குதுன்னு சொல்றாப்ல. பெட்ரோல் பத்தல. ஜெட்.

ஸ்பேனர் பாண்டி:
ஜெட் சின்னதா இருந்தா கெளம்புன எடத்துலயே திணறணும்ல? அஞ்சாறு கிலோமீட்டர் நல்லா ஓடிட்டு நிக்கிறதுக்கு ஜெட் என்ன வழியில சுருங்கிருச்சா?

அழகர்கோவில் ரைடர்:
யாரும் சொல்லாத ஒன்ன நான் சொல்றேன். இப்படி மாத்துறதே சட்டப்படி தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவ படிங்க. 2019 திருத்தத்துல 182ஏ வந்ததுக்கு அப்புறம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. நாளைக்கு ஒரு ஆக்ஸிடெண்ட்னா இன்சூரன்ஸ்காரன் கை விரிச்சுருவான்.

ஊமச்சிகுளத்தான்:
52 என்ன சொல்லுது? ஆர்சியில இருக்குற விவரம் கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறக்கூடாதுன்னு சொல்லுது. ஆர்சியில பெட்ரோல்னு இருக்கு, வண்டியும் பெட்ரோல்லதான் ஓடுது. கார்ப்ரேட்டரா எஃப்ஐயான்னு ஆர்சியில எங்கங்க இருக்கு?

அழகர்கோவில் ரைடர்:
அப்ப புகை விதி? எஃப்ஐயோட வந்த வண்டிய அதுலயே பாஸ் பண்ணியிருக்காங்க.

ஊமச்சிகுளத்தான்:
2008 வண்டிண்ணே. பிஎஸ்3 டூவீலருக்கு வந்ததே 2010 ஏப்ரல்ல. 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டியில கை வச்சா நானே வேணாம்பேன். இதுக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்க முடியுதான்னு பாத்தா போதும். தம்பி கவலைப்பட வேண்டியது வேற. 2023லயே 15 வருசம் முடிஞ்சுருச்சே, ஆர்சி புதுப்பிச்சாச்சா? அது இல்லாம கல்யாணத்துக்குக் கெளம்பாதீங்க.

கரிமேடு சீனியர்:
இதுக்குத்தான் சொல்றேன், கார்ப்ரேட்டர் வண்டி கார்ப்ரேட்டர் வண்டிதான். கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர், வாயில காத்து இருந்தா எந்த ரோட்டோரத்துலயும் ஜெட்ட ஊதிச் சுத்தம் பண்ணிட்டு வீடு வந்து சேரலாம். எஃப்ஐ நின்னா லேப்டாப் வச்சிருக்குற பையனத் தேடணும்.

அழகர்கோவில் ரைடர்:
கொடைக்கானல் போயிருக்கீங்களாண்ணே கார்ப்ரேட்டர்ல? வத்தலக்குண்டு தாண்டி ஏற ஏற கருப்புப் புகை. 2,100 மீட்டர் உயரத்துல காத்து அடர்த்தி அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுருது, ஜெட் கீழ விட்ட அளவுக்குத்தான் பெட்ரோல் விடும். ஏரிக்கிட்ட போறதுக்குள்ள பிளக்கு கரிக்கட்டை. எஃப்ஐ காத்தோட அழுத்தத்த அளந்து தானா கம்மி பண்ணிக்கும். வாயால ஊதுற காலம் மலையேறிருச்சு.

கரிமேடு சீனியர்:
நீங்க பொறக்குறதுக்கு முன்னாடி நாங்க ராஜ்தூத்துல கொடைக்கானல் போனவங்க.

அழகர்கோவில் ரைடர்:
போனது சரி, ஓட்டிக்கிட்டா தள்ளிக்கிட்டா?

வாடிப்பட்டி மீனா:
சண்டைய அங்கிட்டு வச்சுக்கோங்கண்ணே. தம்பி, ஊமச்சிகுளம் அண்ணன் மொத போஸ்ட்லயே டேங்க் எதுன்னு கேட்டாரு, நீங்க இன்னும் பதில் சொல்லல. எஃப்ஐ டேங்கத்தான் வச்சிருக்கீங்களா? பம்ப் இருந்த ஓட்டைய என்ன பண்ணாங்க? பெட்ரோல் கார்ப்ரேட்டருக்கு எது வழியா வருது? இன்னொன்னு, நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுங்க: ஃபுல் டேங்க் அடிச்சா சீக்கிரம் நிக்குதா, கம்மியா இருந்தா சீக்கிரம் நிக்குதா?

ஜெட்டு ஜெகன்:
ஃபுல் டேங்க்ல எப்படிங்க நிக்கும்? எடை அழுத்தி இன்னும் நல்லால வரணும்.

மேலூர்க்காரன்:
அக்கா கரெக்டு. ஃபுல் அடிச்சாத்தான் சீக்கிரம் நிக்குது!! கம்மியா இருந்தா மேலூர்ல இருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் வந்துருது. பாலத்துல நின்ன அன்னிக்கு ஃபுல் டேங்க். டேங்க் பழைய எஃப்ஐ டேங்குதான், உடைக்க வந்த வண்டி டேங்க் நசுங்கி கெடந்துச்சு. பம்ப் ஓட்டைக்கு ரப்பர் வச்சு தகடு போட்டு போல்ட் முடுக்கி, தகட்டுல பெட்ரோல் காக் மாட்டிருக்கு.

வாடிப்பட்டி மீனா:
அப்ப ஜெட்டும் இல்ல, காயிலும் இல்ல. டேங்க் மூச்சு விட முடியாம கெடக்கு.

ஒரு சொட்டு பெட்ரோல் கீழ எறங்கணும்னா அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகணும். போகாட்டி உள்ள அழுத்தம் குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல பெட்ரோல் தொங்கிக்கிட்டு நின்னுரும். கார்ப்ரேட்டர் கிண்ணத்துல இருக்குறது தீந்ததும் வண்டி மூச்சு வாங்கி நிக்கும். நீங்க டீ குடிக்கிற நேரத்துல எங்கயாச்சும் ஒரு இடுக்கு வழியா மெதுவா காத்து ஏறும், பெட்ரோல் எறங்கும், மறுபடி ஓடும். ஃபுல் டேங்க்ல மேல காத்து இருக்குற எடம் கொஞ்சூண்டு. அரை லிட்டர் காலியானாலே அந்தக் கொஞ்சக் காத்து ரொம்ப விரிஞ்சு போகும், அழுத்தம் சட்டுனு விழும். பாதி டேங்க்னா அதே அரை லிட்டர் ஒன்னும் பண்ணாது. எஃப்ஐ பம்ப் கிட்டத்தட்ட மூணு பார் அழுத்தத்துல தள்ளுறது, இந்த லேசான இழுப்ப அது மதிக்காது. அதனால அடைப்பு சித்தப்பா காலத்துல இருந்தே இருந்தாக்கூட தெரிஞ்சிருக்காது.

வண்டி நின்னதும் எதையும் கழட்டாதீங்க. டேங்க் மூடிக்கிட்ட காத வச்சுக்கிட்டு சாவியப் போட்டுத் தொறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கும். உடனே ஸ்டார்ட் ஆனா அதுதான். சந்தேகம்னா கார்ப்ரேட்டர் அடியில இருக்குற ட்ரெயின் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பாருங்க, கிண்ணம் காலியா இருக்கும். இஞ்சின் கொஞ்சம் ஆறுன பிறகு பண்ணுங்க.

கரிமேடு சீனியர்:
நானும் இதத்தான் சொல்ல வந்தேன். டேங்க் மூடியில இருக்குற காத்து ஓட்டை துருவுல அடைச்சிருக்கும், பின் வச்சுக் குத்தச் சொல்லுங்க தங்கச்சி.

வாடிப்பட்டி மீனா:
மூடியையும் பாக்கணும்தான். ஆனா இந்த மாதிரி மாத்துன வண்டியில நாங்க மொதல்ல டேங்க் அடியத்தான் பாப்போம். அங்க சின்னக் குழாய் ஒன்னு ரெண்டு வரும், மூடிய சுத்தித் தேங்குற மழைத்தண்ணி எறங்குறதுக்கு, காத்துக்கு. எஃப்ஐய கழட்டுறவங்க அத எஃப்ஐ சாமான்னு நினைச்சு அடைச்சு விட்டுருவாங்க.

ஸ்பேனர் பாண்டி:
மீனா சொல்றது பொருந்துது. ஆனாலும் அந்தப் பிக்கப் காயில மாத்தி வைங்க தம்பி, பழைய சாமான நம்பக்கூடாது.

மேலூர்க்காரன்:
அக்கா 🙏🙏 பாத்துட்டேன். மூடியத் தொறந்தேன், பக்கத்துல நின்ன பையனுக்கே கேட்டுச்சு அந்தச் சத்தம். அடுத்த செகண்டு ஸ்டார்ட். டேங்க் அடியில ரெண்டு ரப்பர் டியூப், ரெண்டுலயும் ஒரு ஸ்க்ரூவ திருகி வயர் கட்டியிருக்காரு மெக்கானிக். கேட்டா, எஃப்ஐ ரிட்டர்ன் லைன், பெட்ரோல் ஒழுகக்கூடாதுன்னு அடைச்சேங்கிறாரு. கழட்டிட்டேன். நாளைக்கு ஃபுல் அடிச்சு ஓட்டிப் பாக்குறேன்.

வாடிப்பட்டி மீனா:
நல்லது. அந்த டியூப் நுனி சைலன்சர் மேலயோ செயின் மேலயோ படாம கீழ வரைக்கும் எறக்கி விடுங்க, ஃபுல் டேங்க்ல வெயில்ல நின்னா சொட்டும். பெட்ரோல் லைன்ல பழைய எஃப்ஐ ஃபில்டர் ஏதும் விட்டு வச்சிருக்காங்களா? அது அழுத்தத்துல ஓடுறதுக்குச் செஞ்சது, சல்லடை ரொம்பப் பொடிசு. தானா எறங்குற பெட்ரோல் அதுல தவழ்ந்துதான் வரும், ஹைவேயில முறுக்கும்போது மறுபடி திணறும். இருந்தா எடுத்துட்டு சாதா ஃபில்டர் போடுங்க. டேங்க் துருவ கழுவுனாங்களா? இல்லாட்டி ரெண்டு வாரத்துல கார்ப்ரேட்டர் ஊசி அடைச்சு ஓவர்ஃப்ளோ ஆகும்.

ஊமச்சிகுளத்தான்:
தகட்டுக்கு என்ன ரப்பர் வச்சாங்கன்னும் கேளுங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்ல சாதா டியூப் ரப்பர் ஊதிப் போயி கசியும். டேங்க்ல எதுவா இருந்தாலும் வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க, காலி டேங்குதான்னு நெருப்பு வைக்கிற ஆளுங்க இருக்காங்க.

ஜெட்டு ஜெகன்:
எல்லாம் சரி, டியூப் எடுத்த பிறகு பிளக்கு கலர் என்னன்னு சொல்லுங்க. இந்தப் பெட்ரோலுக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்தித்தான் ஆகணும்.

வாடிப்பட்டி மீனா:
@மேலூர்க்காரன் ஃபில்டர் பாத்தீங்களா?

ஊமச்சிகுளத்தான்:
வெள்ளிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமையும் வந்துருச்சு. ஆள் கல்யாண வீட்லயா இன்னும்?

உசிலை குமார்:
எனக்கும் இதே பிரச்சனை, ஃபுல் டேங்க் அடிச்சா நிக்குது. ஆனா என்னுது ஸ்கூட்டர், எஃப்ஐய மாத்தல. நானும் டேங்க் மூடியத் தொறந்து பாக்கவா?

கரிமேடு சீனியர்:
தனி இழை போடுங்க.