மறு: பாமசி மாமா

சாவகச்சேரி உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

பாமசி வைத்திருந்த எங்கள் மாமா காலமான செய்தி வந்த நாளிலிருந்து குழுவில் விழுந்த மடல்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். அநேகமாக எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள்: ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்த வள்ளல் என்று. கோபிக்க வேண்டாம், அது சரியில்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில், 1993இல், அவருடைய மருந்துக்கடையில் கையுதவிக்கு நின்றவன் நான். அவர் இலவசமாகக் கொடுத்து நான் கண்டது குறைவு. கொப்பியில் எழுதுவார். காசு வந்தால் கோடு கீறி வெட்டுவார். வராவிட்டால் கேட்கமாட்டார், ஆனால் வெட்டவும் மாட்டார். "சும்மா குடுத்தா அடுத்தமுறை வாறதுக்கு வெக்கப்படுவினம். கடன் எண்டா உரிமையோட வருவினம்" என்பது அவர் கணக்கு.

அவருடைய தாராளம் வேறு இடத்தில் இருந்தது. விற்கக்கூடியதை விற்காமல் விடுவார்.

டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினால் முதலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் வாசிப்பார். விலைகூடிய கொம்பனிப் பெயர் இருந்தால் ஒரு சின்னக் கடதாசியில் ஒரு வரி எழுதி, என்னைச் சைக்கிளில் டொக்டரிடம் அனுப்புவார். கொம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் அதே மருந்து இருக்கிறது, கொடுக்கலாமா என்பதுதான் அந்த வரி. டொக்டரும் சரி என்று கீழே ஒரு கீறல் போட்டுவிடுவார். கடைச் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பேப்பரில் வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சொந்தக்காரர் ஆரோ என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன். அது பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். நாட்டுக்கு வேண்டிய மருந்தைப் பொதுப்பெயரில், கேள்விப்பத்திரம் (ரெண்டர்) போட்டு மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மலிவு என்று செய்து காட்டிய மனுசன். 1977இல் கயானாவில் செத்துப்போனார். "பேர்தான் வேற, உள்ள கிடக்கிற சாமான் ஒண்டு" என்று மாமா ஆச்சிமாருக்கு விளங்கப்படுத்தும்போது கையை அந்தப் படத்தின் பக்கம் நீட்டுவார், சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல.

என் கதையும் ஒன்று. எனக்கு ஆறு வயதில் காய்ச்சல். அம்மா யாரோ சொன்னதைக் கேட்டுத் துண்டில்லாமல் ரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் வாங்கப் போயிருக்கிறா. எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் முளைக்கிற பல்லெல்லாம் மண்ணிறமாகிவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கத்தினாராம். அம்மா அவரோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. சத்தம் போடுவது அவருக்கு இருந்த பெரிய குறை, அதை மறைக்கத் தேவையில்லை. அன்ரிபயோற்றிக்கை மூன்று நாளில் நிற்பாட்டினவர்கள் வாங்கிக்கட்டிய பேச்சு கண்டி வீதி வரை கேட்கும்.

ஆனால் சத்தமே போடாத ஒரு விடயத்தையும் கண்டேன். மகனை இழந்த ஒரு அம்மா நித்திரைக் குளிசைக்கு வருவா. டொக்டர் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தார். மாமா ஒன்றே ஒன்றைக் கடதாசிச் சரையில் மடித்துக் கொடுத்து, "இருப்புக் குறைவு பிள்ளை, நாளைக்கும் வாரும்" என்றார். எனக்குத் தெரியும், பின் அலுமாரியில் பெட்டி நிறைய இருந்தது. வாய் திறக்கப் பார்த்தேன், ஒரு பார்வை பார்த்தார். அடுத்தநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும். அந்த அம்மா திட்டுவா, அழுவா, உன்ர கடை நாசமாய்ப் போக என்றுகூடச் சொன்னா. மாமி உள்ளிருந்து பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வாங்கில் பக்கத்தில் இருப்பா. இப்படி நாலு மாதம். பிறகு பிறகு அவ பின்னேரத்தில் வருவது குளிசைக்கா பிளேன்ரீக்கா என்று தெரியாமல் போய்விட்டது. ஏன் ஒவ்வொன்றாகக் கொடுத்தார் என்பது எனக்கு விளங்க இன்னும் கொஞ்ச வயது வேண்டியிருந்தது.

மாமியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 1990இலிருந்து சண்டையால் கறண்ட் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை, இதில் இன்சுலினை எப்படி வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பின் விறாந்தையில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. பானை குளிர்சாதனப்பெட்டி ஆகாதுதான், ஆனால் வெயில் சூட்டிலிருந்து காப்பாற்றும். காலையும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் விட்டது மாமி. ஒரு கலியாண வீட்டுக்கும் போய் இரவு தங்கமாட்டா, மணல் காய்ந்துவிடும் என்று.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் சனம் முழுக்க மழையோடு நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடை மூன்று நாளில் காலி. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் ஒன்றும் இல்லை. மாமா பள்ளிக்கூடக் கரும்பலகை ஒன்றைக் கடை வாசலில் சாய்த்து எழுதினார்: கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றர், சீனி மட்டமாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. அடுத்தநாள் சீனியும் இல்லை. அதற்குக் கீழே "உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் சரி" என்று சேர்த்தார். விற்க ஒன்றுமில்லாத அந்தக் கடையைக் காலை ஏழிலிருந்து இரவு வரை திறந்து வைத்துக்கொண்டு, வாறவர்களுக்கெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வை கொதிக்க வை என்று தொண்டை கட்டும்வரை சொன்னார்.

2000இல் சண்டையில் ஊரே தரைமட்டம், கடையும் போனது. சமாதான காலத்தில் வந்து ஒரு மேசையோடு திரும்பத் தொடங்கினார். அந்தக் காலம் நான் இங்கே கனடாவில், ஸ்காபரோவில், அதை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்.

வீட்டில் அவர் வேறு ஆள். ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு தன் மூன்று பெண்பிள்ளைகளோடும் இருந்துதான் சாப்பாடு, ஆர் வாசலில் நின்றாலும் "சாகிற வருத்தமோ? இல்லையெண்டா ரெண்டு மணிக்கு." ஞாயிற்றுக்கிழமை பிலாப்பழம் வெட்டுவது அவர் மட்டும்தான், முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு. சுளைகளை ஐந்தைந்தாகப் பிரித்துப் பங்கு வைப்பார், தட்டில் குளிசை எண்ணுகிற மாதிரியே. நானும் இன்றைக்கும் சில்லறையை ஐந்தைந்தாகத்தான் தள்ளி எண்ணுகிறேன். என் மகள் சிரிப்பாள்.

நினைவுப் பலகைக்கு ஆயிரம் டொலர் சேர்ப்பது பற்றி வந்த மடலுக்கு என் பதில்: பலகைக்கு நான் தரமாட்டேன், ஊர் ஆஸ்பத்திரிக்கு நல்லதொரு மருந்துக் குளிர்சாதனப்பெட்டி என்றால் என் பங்கு நாளைக்கே. மாமியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

அவ இப்போது கொழும்பில் மூத்த மகளோடு. நம்பரைத் தனிமடலில் கேளுங்கள், குழுவில் போடவேண்டாம். அங்கே பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள், அதற்கு முதல் படுத்திருப்பா. கொஞ்சம் உரத்துக் கதைக்கவேணும். முதல் கேள்வி "சாப்பிட்டியோ" என்றுதான் வரும், இங்கே விடிகாலை என்று சொன்னாலும் விடமாட்டா.