இரங்கூன் போன கவிஞரின் வரலாறு: ஆண்டும் விலாசமும் இடிக்கின்றன

கேள்வி (கண்டனூர்)
எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து நகரத்தார் கவிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறேன். முதலில் இரங்கூன், பிறகு மலாயா. முந்தைய தலைமுறைப் புலவர் ஒருவரின் வரலாற்றை இவரும் எழுதியிருக்கிறார். அதன் முன்னுரை அடியில் 'இரங்கூன், விக்கிரம வருஷம், தை' என்று இருக்கிறது. 1940 கடைசியில் ஊர் திரும்பிவிட்டார் என்கிறார்கள் வீட்டார். விக்கிரம என்றால் 1940தானே, பொருந்துகிறதே? இன்னொன்று: கடித உறைகளில் இரண்டு வேறு விலாசங்கள் (முகவரி அல்ல, பெயருக்கு முன் வரும் குடும்ப அல்லது கடைத் தலைப்பெழுத்துகள்). எது அவருடையது?

பதில் 1 (தேவகோட்டை)
பொருந்தவில்லை தம்பி. விக்கிரம 1940 சித்திரையில் பிறந்தது. அதன் தை 1941 ஜனவரி நடுவில்தான் வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் அடுத்த ஆங்கில ஆண்டைப் போட வேண்டும். வரலாறு எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. ஆகவே 1941 தொடக்கத்திலும் அவர் இரங்கூனில்தான். வீட்டார் சொல்லும் ஆண்டை அப்படியே ஏற்க வேண்டாம்.

விலாசத்துக்கு வருவோம். கொண்டுவிக்க (கடல் கடந்து வணிகம் செய்ய) போனவர் முதலாளியின் கடையில் மேலாளாகவோ (பொறுப்பாளர்) அடுத்தாளாகவோ (அவருக்கு உதவியாளர்) இருந்தால் உறையில் இருப்பது முதலாளி கடையின் விலாசம். அதைக் கவிஞரின் தலைப்பெழுத்தாக எடுத்துவிடாதீர்கள்.

பதில் 2 (கோட்டையூர்)
பிள்ளை கூட்டியிருந்தார்களா (தத்து எடுத்திருந்தார்களா) என்றும் விசாரியுங்கள். சுவீகாரம் போனால் விலாசம் மாறும், சில நேரம் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன் சுவீகார வீட்டில் நாராயணன் ஆனார். திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஓலை) கிடைத்தால் விலாசம், ஊர், கோயில் (நகரத்தாரின் குலப் பிரிவு) மூன்றும் தெளியும். அதைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன்.

உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரைதான் உங்கள் நாட்காட்டி. இரு பக்கமும் படம் எடுங்கள். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷனும் கூடாது.

பதில் 3 (காரைக்குடி)
மலாயாக் காலத்துக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய 'தமிழ் முரசு' இதழ்கள் இருக்கின்றன. ணை, லை, னை, றா எல்லாம் பழைய வடிவில் அச்சானவை. பெயரைத் தட்டித் தேடினால் சிக்காமல் போகலாம். நாள்வாரியாகப் புரட்டுவதே உறுதி. புனைபெயர், ஊர்ப்பெயர் சேர்த்த வடிவம், வெறும் தலைப்பெழுத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைகளுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா நூலகம். அது கோட்டையூர்ச் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதானே, நம் பக்கத்து அச்சுகள் அங்கே நிறைய.

1942 முதல் 1945 வரை கடிதமே இல்லையென்றால் 'எழுதுவதை நிறுத்திவிட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானியர் பிடித்தபின் அங்கிருந்து இந்தியாவுக்குத் தபால் ஓடவில்லை. அந்த ஆண்டுகளின் கவிதை இருந்தால் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், அல்லது போருக்குப் பிறகு அச்சாகியிருக்கும். எழுதிய நாளையும் அச்சான நாளையும் தனித்தனியாகக் குறியுங்கள்.