மறு: மாதிரி டாங்கியின் ‘அக்குரசி’க்குத் தமிழ்: ‘மெய்யொப்பு’ சரிவருமா?

> ‘துல்லியம்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே? இல்லையென்றால் யாழ்ப்பாணத்தார் புழங்கும் ‘அச்சொட்டு’ இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

காக்கா (அண்ணே), துல்லியத்தை வைத்து நானும் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன், ஓடவில்லை. காரணம் என் மேசைமேலேயே கிடக்கிறது.

35-இல் ஒன்று அளவில் டி-55 என்ற சோவியத் டாங்கியின் மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மலிவாகக் கிடைத்த பாகப் பெட்டி (கிட்). பாகங்கள் கச்சிதமாக உட்காருகின்றன. பீரங்கி பொருத்திய சுழல்கோபுரத்தடியில் மயிரிழை இடைவெளி கிடையாது (சுழல்கோபுரமா சுழல்மேடையா என்ற பழைய சண்டை இப்போது வேண்டாம்). துல்லியம் என்றால் இதுதான். ஆனால் அசல் டி-55-இன் செயின் பட்டை 580 மில்லிமீட்டர் அகலம். 35-ஆல் வகுத்தால் 16.6 வரவேண்டும். வெர்னியர் அளவுகோல் 18 காட்டுகிறது. அசலில் அது 630 ஆகிவிடும். பிசகையே துல்லியமாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பாகங்கள் பொருந்துவதற்கும், அசலோடு ஒத்துப்போவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

‘அச்சொட்டு’ அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இங்கே குற்றவாளியே பிளாஸ்டிக்கை வார்க்கிற அச்சுதான். பிளாஸ்டிக் அச்சொட்டாகத்தான் வந்திருக்கிறது. அச்சைக் குடைந்தவர் கணக்கு தப்பு. சில சமயம் தெரிந்தே அளவை மாற்றுவதும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் மோட்டார் நுழையவேண்டும் என்று வயிற்றை அகட்டிவிடுவார்கள். இந்த 35 என்ற எண்ணே அப்படிப் பிறந்ததுதான்: 1960களின் தொடக்கத்தில் டாமியா என்ற ஜப்பானிய மாதிரி நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியைச் செய்தபோது உள்ளே பேட்டரி அடங்கும்படி உடலை வைத்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 35-இல் ஒன்று. நம் முன்னோரைக் கேட்டிருந்தால் வீசம், அரைவீசம் என்று 16-இலோ 32-இலோ நிறுத்தியிருப்பார்கள்.

சொல் கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் எங்கள் பக்கத்து வீட்டு ஓடாவி (படகு கட்டும் தச்சர்) அண்ணன், வள்ளத்துக்கு வங்கு (விலாக்கட்டை) வைக்கிற கை, மாதிரியை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படகின் அடிமரமான ஏராவைப் பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்த்தார். பெட்டிமேல் இருந்த படத்தையும் பார்த்தார். “படத்துல மொத சக்கரம் தள்ளியில்ல இருக்கு? நீ என்ன தம்பி எல்லாத்தையும் சீரா வச்சிருக்க? மெய்யோட ஒப்பிட்டுப் பாத்தியா இல்லையா?”

தூக்கிவாரிப்போட்டது. டி-55-இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. அதற்குப் பின் வந்த டி-62 டாங்கியில் அது பின்பக்கம், மூன்றாவதிலிருந்து ஐந்தாவது சக்கரம் வரை விழும். இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்க்கிற அடையாளமே அதுதான். செயினை அளந்த நான் இதைக் கோட்டைவிட்டேன்.

ஆகவே ‘மெய்யொப்பு’. மெய் உண்மையும் ஆயிற்று, உடலும் ஆயிற்று. சரிபார்ப்பதை ‘மெய்யொப்புப் பார்த்தல்’ என்றால், மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிற பழக்கமுள்ள நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘பொருத்தம் நன்று, மெய்யொப்பு சுமார்’ என்று ஒரு வரியில் பெட்டியை எடைபோட்டுவிடலாம்.

> நாக்கில் நன்றாக வருகிறது தம்பி. ஆனால் நாலு பேர் கையில் போனால் ‘மெய்யொப்பம்’ ஆகிவிடும், அப்புறம் கையெழுத்து என்று நினைப்பார்கள். இன்னொன்று, மட்கார்டின் தடிமனுக்கு என்ன செய்வீர்கள்?

முதலாவது நியாயமான பயம். கலைச்சொல் தொகுப்பில் ஏற்றும்போது ‘ஒப்பம் (கையெழுத்து) அன்று’ என்று குறிப்புப் போட்டுவிடலாம். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். மட்கார்டு விளிம்பு 1 மில்லிமீட்டர் என்றால் அசலில் 35 மில்லிமீட்டர் இரும்பு. உண்மையிலோ அது மெல்லிய தகடு. அந்த மெலிவுக்கு அச்சில் பிளாஸ்டிக் ஓடாது. தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, சரி என்றும் சொல்லமுடியாது. ‘அச்சுத்தடிமன்’ என்று தனியாக ஒன்று வைப்போமா? உங்கள் ‘அச்சு’க்கும் ஓர் இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

சக்கரங்களைப் பிய்த்துவிட்டேன். புது அச்சாணிக்குத் தேக்குச் சிராய் சீவித் தருகிறேன் என்கிறார் ஓடாவி அண்ணன். பிளாஸ்டிக் குச்சியே போதும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.