காட்டுக்கறி அனுபவங்கள்: மான், தாங், வௌவால், உப்புக்கண்டம் (மன்றப் பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் பெயர்)

தமரின்கரை:
மான் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, வீச்சம் போகவில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் மசாலாவைத்தான் குறை சொல்கிறார்கள். மசாலாவில் கோளாறே இல்லை. மொரிஷியஸில் ஷமரேல் மேட்டில் ஜூலை லாஷாஸ் (மான் வேட்டை) முடிந்து பங்கு போட்ட ஒரு பின்தொடை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ரோஷ்கரியில் (அம்மிக்கல்லில்) அரைத்த மசாலா, அப்போது பறித்த கறிவேப்பிலை, எல்லாம் சரி. ஆனால் கத்தி வைத்த இடம் நாவல்பழத் தோல் நிறம். விரலில் பிசுபிசுத்தது. அரை மணி நேரம் தட்டில் கிடந்தும் சிவக்கவில்லை.

நாய்களும் ஆட்களும் காட்டைக் கலைத்து மானைப் பரண் பக்கம் விரட்டுவார்கள். வெகுநேரம் ஓடிய மானின் தசையில் இருக்கிற சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும். உயிர் போன பிறகு புளிப்பாக மாறிக் கறியைப் பக்குவப்படுத்துவது அந்தச் சத்துதான். மேய்ந்துகொண்டிருக்கும்போது ஒரே குண்டில் விழுந்த மானின் கறியில் பி.எச். (புளிப்பின் அளவு, எண் இறங்கினால் புளிப்பு கூடும்) ஒரு நாளைக்குள் 5.5, 5.7 வரை இறங்கும். ஓடிக் களைத்த மானில் 6-க்கு மேலேயே நின்றுவிடும். அப்படி நின்ற கறி கருக்கும், பிசுக்கும், சீக்கிரம் கெடும்.

பங்கு வாங்குமுன் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி 20, 30 நிமிடம் காற்றில் வையுங்கள். வெட்டு முகம் செக்கச்செவேல் என்று மாறினால் 0 முதல் 4 டிகிரி குளிரில் மூன்று நான்கு நாள் தொங்கவிடலாம், மெத்தென்று ஆகும். கருநீலமாகவே இருந்தால் தொங்கவிடக் கூடாது, அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். கொழுப்பையும் மேலே படர்ந்த வெள்ளைச் சவ்வையும் முழுக்க எடுத்துவிடுங்கள். வீச்சம் அதில்தான் இருக்கிறது, ஆறினால் மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். முன்சப்பை 1 கிலோவுக்கு 3 சென்டிமீட்டர் துண்டு, எண்ணெய் ஆட்டுக்கறிக்கு விடுவதைவிட ஒரு கரண்டி கூட, மூடிச் சிறுதீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குண்டு பட்ட இடத்தைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட்டால் போதும்.

இதெல்லாம் சமையல் விஷயம் மட்டும் இல்லை. அந்தக் கருநீல நிறம் அந்த மான் கடைசி ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்பதன் கணக்கு. கறியைத் தின்கிறவர்கள் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சேந்தாந்த்ரே:
ரெயூனியனில் இதே கணக்கு தாங் (டென்ரெக், வளையில் வாழும் முள்மயிர் விலங்கு) கறிக்கும் உண்டு. ஆனால் அங்கே நெஞ்சில் நிற்பது நிறம் இல்லை. பிப்ரவரிக் கடைசியில் சலாஸி மேட்டில் நாய் மோப்பம் பிடித்த ஒரு வளை. மண்வெட்டி போட்டு இழுத்தார்கள், பெட்டை வந்தது. வயிறு நெடுகக் காம்புகள், எல்லாம் ஈரம். அதன் பின்னாலேயே கறுப்பும் வெளுப்புமாக வரி போட்ட குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவாய்க்கு வந்து நின்றன. தாங் ஒரே ஈற்றில் 32 குட்டி வரை போடும், பாலூட்டிகளில் மிகப் பெரிய ஈறுகளில் அது ஒன்று. ஒரு தாயைச் சாக்கில் போட்டால் வளைக்குள் எத்தனை சாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேட்டைக்காலம் ஆண்டுதோறும் அரசாணையால் திறக்கும், வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. குட்டிகள் பால் மறந்திருக்கும், பெரியவை குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுத்திருக்கும் என்பதுதான் அந்த மாதங்களின் நியாயம். எல்லாக் குட்டியும் பஞ்சாங்கம் பார்த்துப் பிறப்பதில்லை. எடுத்ததும் வயிற்றைப் பாருங்கள். காம்பு ஈரமாக, சுற்றி மயிர் உதிர்ந்து இருந்தால் அதே வளையில் விட்டு, வாயை முழுக்க அடைக்காமல் மண்ணை லேசாகத் தள்ளுங்கள்.

சுத்தம் செய்வதில் கெடுப்பது கொதிக்கிற தண்ணீர். தோல் வெந்து கிழியும், முள்மயிர் இறுகிவிடும். 65 டிகிரி போதும். விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றுகிற சூடு, அவ்வளவுதான். ஒரு நிமிடம் முக்கி, கத்தியின் முதுகால் சுரண்டி, மிஞ்சிய பூமயிரை வைக்கோல் தீயில் வாட்டி, எலுமிச்சையும் மஞ்சளும் போட்டுத் தேய்க்க வேண்டும். வயிறு கிழிக்கும்போது பித்தப்பையும் சிறுநீர்ப்பையும் உடையக் கூடாது. முதல் கொதியில் மிதக்கிற நெய்யை வடித்துவிட்டு, அப்புறம்தான் பூண்டு, இஞ்சி, தைம், தக்காளி. கையுறை கட்டாயம். மயோத் தீவின் தாங்குகளிடம் லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல்) கிருமி கண்டிருக்கிறார்கள், கையில் கீறல் இருந்தால் அது போதும்.

காத்ர்போர்ன்:
முதலில் ஒரு திருத்தம். பழைய பதிவுகளில் சிலர் தாங்கை முள்ளெலி என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் முள்ளெலிக்கும் அதற்கும் உறவே கிடையாது. உருவம்தான் ஒன்று. இரத்த உறவில் தாங் யானைக்கும் கடற்பசுவுக்கும் பக்கம்.

இரண்டாவது, பாவம் பாவம் என்று எல்லாவற்றையும் ஒரே தராசில் போடாதீர்கள். மொரிஷியஸ் மான் இந்த மண்ணுடையது இல்லை. 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து இறக்கியது. தாங் மடகாஸ்கரிலிருந்து வந்தது. காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் கப்பலில் வந்தவை. மான் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகிறது, பன்றி கிளறுகிறது, குரங்கு பறவை முட்டையைத் தின்கிறது. கருங்காலிக் காட்டில் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இவற்றின் தொகையைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்ததைக் குழியில் போடுவதைவிடத் தின்பது மேல். இந்த மண்ணுக்கே உரியவற்றில் பலவற்றைத் தின்றும் கொன்றும் தீர்த்தாயிற்று. பெரிய ஆமைகளைக் கப்பல் கப்பலாகக் கறிக்கு ஏற்றினார்கள். மொரிஷியஸிலும் ரெயூனியனிலும் ரொத்ரிக்கிலும் அந்த இனம் ஒன்றுகூட இல்லை. டோடோவை ‘அருவருப்புப் பறவை’ என்று டச்சுக்காரர்களே பெயரிட்டு வைத்தும் அது பிழைக்கவில்லை.

சேந்தாந்த்ரே அண்ணா, ஈரக்காம்பு தாயை விட வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு உடன்பாடு. வெளியிலிருந்து வந்த உயிர் என்பதால் குட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று ஆகாது.

லிச்சித்தோட்டம்:
காத்ர்போர்ன் சொன்ன தராசிலேயே வௌவாலை வைத்துப் பாருங்கள். நம் பழந்தின்னி வௌவால் கப்பலில் வந்ததில்லை, இந்தத் தீவுகளின் பிள்ளை. பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். தாங் போல நினைத்தால் கணக்கு தப்பிவிடும். 2015, 2016, 2018 என அரசே பலமுறை கொன்று குறைத்தது. 2018-ல் அது அழியும் ஆபத்தில் இருக்கிற இனங்களின் பட்டியலுக்கு ஏறியது. ஆமையும் டோடோவும் போனபின் காட்டு மரங்களின் பெரிய விதைகளைத் தூக்கிக்கொண்டு போவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆகவே ஸோவ்சூரி (வௌவால்) கறி எப்படி என்று கேட்டு இங்கே வராதீர்கள். சுட்டு விழுந்த ஒரு பெட்டையின் அக்குளில் குட்டி உயிரோடு காம்பைக் கவ்வியபடி இருந்தது. பிரித்தெடுக்க முயன்றபோதும் வாயை விடவில்லை.

லிச்சி போகிறதே என்று கேட்பவர்களுக்கு: வலை போடுங்கள், ஆனால் சரியாகப் போடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற மெல்லிய நரம்பு வலை வேண்டாம். அதில் இறக்கை சிக்கினால் வௌவால் விடியும்வரை முறுக்கி முறுக்கி எலும்பை உடைத்துக்கொள்ளும். வலைக்கண் 5 மில்லிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது. வெள்ளை நிறம் எடுங்கள், இருட்டிலும் அதற்குத் தெரியும். மரத்தின் மேல் அப்படியே போர்த்தக் கூடாது. போர்த்தினால் வௌவால் மேலே உட்கார்ந்து வலையோடு சேர்த்தே பழத்தைக் கடிக்கும். மூங்கிலிலோ குழாயிலோ சட்டம் கட்டி, இலைநுனிக்கும் வலைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, தட்டினால் துள்ளுகிற அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். அடியைத் தரையில் கல் வைத்து மூடுங்கள், கீழேயும் புகும். காய் சிவக்கத் தொடங்குமுன், அக்டோபருக்குள் ஏற்றிவிட வேண்டும். ஒருமுறை ருசி கண்ட மரத்துக்கு அது திரும்பத் திரும்ப வரும். பறிப்பு முடிந்த அன்றைக்கே இறக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, எலி அண்டாத பீப்பாயில் வையுங்கள். மரம் 6 மீட்டரைத் தாண்டிவிட்டால் வலை ஏற்றுவது கடினம். அதனால் பறித்த கையோடு கவாத்து செய்து 4 மீட்டரில் நிறுத்துங்கள். பெரிய மரத்தில் முழு மரத்தையும் மூட முடியாவிட்டால் கொத்துகளுக்காவது பை கட்டுங்கள். வலைக்கு அரசு மானியம் இருந்தால் விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்:
தமரின்கரை எழுதியதில் ஒரு வரி ஆபத்தானது. குண்டுக் காயத்தை அலசவே கூடாது. ஈயக் குண்டு எலும்பில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். தண்ணீர் அந்தத் தூளை நல்ல கறிக்கும் பரப்பிவிடும். காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு வெட்டி எறியுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். நம் சமையலில் இன்னொன்று இருக்கிறது. புளி, வினிகர், ஒயின் எதுவானாலும் ஈயத்தைக் கரைத்து உடம்பில் ஏற வசதி செய்துகொடுக்கும். ஆகவே விண்டாய் (வினிகர், கடுகு போட்ட கறி), புளிக்குழம்பு வைக்கிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக் குண்டில் விழுந்த கறியே வேண்டாம். சுடுகிறவரிடம் செம்புக் குண்டு போடச் சொல்லுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் வேட்டைக் கறி என்றால் பெரும்பாலும் பில்டாங், நம் உப்புக்கண்டம்தான். குடு, இம்பாலா, ஸ்பிரிங்பக் என்று எந்த மான்வகையானாலும் பின்தொடையை நார் ஓடும் வாக்கில் 2 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். 1 கிலோவுக்குக் கல்லுப்பு 22 கிராம், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த மல்லி 15 கிராம், மிளகு 5 கிராம், வினிகர் 50 மில்லி. இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறட்டும், ஒருமுறை புரட்டுங்கள். பிறகு ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் நான்கைந்து நாளில் எடை பாதியாகும். டர்பன் ஈரக்காற்றில் வெளியே தொங்கவிட்டால் பூசணம்தான். கீழே ஒரு பல்பும் மேலே ஒரு சின்ன விசிறியும் உள்ள பெட்டி வேண்டும். பல்பைப் பெரிதாகப் போட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுப் புளித்துவிடும். வெள்ளைத் தூள் படிந்தால் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். பச்சையோ கறுப்போ பஞ்சுபோல வந்தால் மொத்தத்தையும் எறியுங்கள். தமரின்கரை சொன்ன கருநீலக் கறியைக் கண்டம் போடாதீர்கள், நீரை விடாது.

கரும்புக்காட்டுப் பன்றியையும் வார்தாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியையும் கண்டமாக உலர்த்தவே கூடாது. அவற்றில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம், உப்பையும் காற்றையும் நம்பி அதைக் கொன்றுவிட முடியாது. உள்ளே 71 டிகிரி ஏறும்வரை வேக வேண்டும். முதலை வாலுக்கும் அதே விதி. அங்கே மொரிஷியஸில் ரிவியேர் தெஸாங்கீய் பண்ணை முதலையானாலும் சரி, அரைவேக்காடு வேண்டாம்.

அழுங்கு (செதில் போர்த்த எறும்புத்தின்னி) விற்கிறார்கள் என்று யாராவது தொலைபேசியில் படம் காட்டினால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். 2016-ல் எங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டில்தான் 8 வகை அழுங்குக்கும் உலக வணிகத் தடை முடிவானது. பயந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும், ஓடாது. அதைப் பிடிக்க வேட்டைக்காரனே தேவையில்லை. அது இவ்வளவு வேகமாக அழிவது அதனாலும்தான்.

ரோஷ்கரி:
கண்ணப்பர் பன்றிக்கறி படைத்தார், நாம் தின்றால் என்ன என்று முன்பு ஒருவர் எழுதினார். அவர் எது என்று தெரிந்து, ருசி பார்த்து, நல்லதை மட்டும் எடுத்துவைத்தார். இங்கே நடப்பது அதுவா?

ஒரு விருந்தில் முயல் கறி என்று பரிமாறினார்கள். துண்டில் தோல் இருந்தது. தோலில் மயிர்க்கண் பெரிது பெரிதாக, அதன் அடியில் ஒரு விரல் கொழுப்பு. முயலை உரித்துத்தான் சமைப்பார்கள், தோலோடு வராது. தின்று முடித்த பெரியவர் இலையை மடித்துவிட்டார், அப்புறம்தான் பக்கத்தில் ஒருவர் தாங் என்று சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். விரதம், நேர்த்தி, ஒவ்வாமை, அருவருப்பு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், காரணம் கேட்க நமக்கு உரிமை இல்லை. தெக்சியை (சமைத்த பாத்திரத்தை) இறக்கும்போதே உரக்கச் சொல்லிவிடுங்கள். காட்டுக்கறிக்குத் தனிக் கரண்டி, தனிப் பலகை வையுங்கள்.

தமரின்கரை:
சாட்ஸ்வர்த் அண்ணா சொன்னது சரி. அலசச் சொன்னது என் பிழை, யாரும் அலச வேண்டாம், வெட்டி எறியுங்கள். சேந்தாந்த்ரே அண்ணாவிடம் ஒரு கேள்வி. தாயை வளையில் திரும்ப விட்டால், நாய் மோந்த இடத்தில் அது குட்டிகளோடு தங்குமா?

சேந்தாந்த்ரே:
நாயை உடனே இழுத்துக்கொண்டு அந்தச் சரிவை விட்டே போய்விட வேண்டும். அன்று அந்தப் பக்கம் திரும்ப வரக் கூடாது. தோண்டின வாயை அடைக்காமல், ஒரு கை நுழைகிற அளவு திறந்துவையுங்கள். குட்டி வெளியே சிதறியிருந்தால் கையுறையோடு எடுத்து வாய்க்குள் விடுங்கள், வால்பக்கத்திலிருந்து பிடித்தால் கடிக்காது. மறுநாள் போய்ப் பார்க்காதீர்கள்.