செல்போனில் நெட் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் அறுந்து அறுந்து போகிறது

சென்னிமலைத் தறிக்காரன்:
வணக்கமுங்க. போர்வைக்கு டிசைன் போடுவது என் வேலை. லேப்டாப் 2014-இல் வாங்கியது. தீபாவளிக்கு அப்புறம் வைஃபை படாத பாடு படுத்துகிறது. காலையில் மெயில் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு வேலையில் உட்கார்ந்தால் போச்சு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்துவிடுகிறது. இழை அறுந்தால் முடிந்து ஓட்டிவிடலாம், இதை எங்கே பிடித்து முடிவது?

ரவுட்டர் ஆசாரத்தில், நான் பக்கத்து அறையில். பத்தடி கூட இருக்காது. அதே மேசையில் செல்போனில் படம் நிற்காமல் ஓடுகிறது. லைன்காரர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் கோளாறு இல்லை, வேண்டுமானால் ரவுட்டரை மாற்றுங்கள் என்று போய்விட்டார். வயரில்லாத மவுஸ் வேறு இழுத்து இழுத்து நகர்கிறது, பேட்டரி மாற்றியும் அப்படியேதான். அது தனிக் கதை, விடுங்க.

கோபி வாய்க்கால்மேடு:
ரவுட்டருக்குக் காசைக் கொட்டாதீங்க. முதலில் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்க. அப்புறம் ரவுட்டரில் சேனல் 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்ததாக ஒன்றை வையுங்க. அப்படியும் அறுந்தால், அறும் நேரத்தில் ரவுட்டர் முகவரிக்கே பிங் கொடுத்துப் பாருங்க, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்க. ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் வெளி லைன் மேல் பழி போட முடியாது.

சென்னிமலைத் தறிக்காரன்:
இரண்டும் செய்தேன், அப்படியேதான் இருக்கிறது. ரவுட்டர் முகவரி 192.168.1.1-க்குப் பிங் கொடுத்தால் 2, 3 மில்லிசெகண்டு என்று வந்துகொண்டே இருந்து, திடீரென 900, அப்புறம் பதிலே இல்லை. இன்னொன்று: ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை கொடுக்கிறது, அதில் 5-இன் பெயர் செல்போனில் தெரிகிறது, லேப்டாப்பில் தெரிவதில்லை.

பெருந்துறை ரிப்பேர்கடை:
மவுஸ் தனிக் கதை இல்லைங்க, அதுதான் கதையே. உங்கள் லேப்டாப்பின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். இந்த மாதிரி மவுஸும் அதே 2.4-இல்தான் பேசும். இரண்டும் சேர்ந்து திக்கினால், பக்கத்தில் ஏதோ அந்த அலைவரிசையில் கூச்சல் போடுகிறது. பத்து மணிக்கு லேப்டாப்பில் என்ன சொருகுகிறீர்கள்?

சென்னிமலைத் தறிக்காரன்:
ஹார்ட் டிஸ்க். பழைய டிசைன் எல்லாம் அதில்தான். அட, அதைத் தீபாவளிக்குத்தான் வாங்கினேன்!

பெருந்துறை ரிப்பேர்கடை:
மாட்டிக்கொண்டது. புது டிஸ்க் என்றால் வேகமான யூஎஸ்பி 3.0-ஆக இருக்கும், நீல நிற ஓட்டையில் சொருகுவது. அது ஓடும்போது அதன் வயரிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. செல்போன் தப்பித்தது 5-இல் இருப்பதால்தான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் பாருங்க. சரியாக இருந்தால் நீல நிற ஓட்டையை விட்டுக் கறுப்பு ஓட்டை, அதாவது 2.0-இல் சொருகுங்க. காப்பி ஆவது மெதுவாகும், இரைச்சல் இருக்காது. வேகமும் வேண்டுமென்றால், நன்றாக உறை போட்ட நீள வயர் வாங்கி டிஸ்க்கை லேப்டாப்பை விட்டுத் தள்ளி வைத்துப் பாருங்க. மவுஸின் குட்டி ரிசீவரும் நீல ஓட்டைக்கு அடுத்து வேண்டாம்.

கோபி வாய்க்கால்மேடு:
நான் மவுஸைக் கண்டுக்கவே இல்லை பாருங்க.

சென்னிமலைத் தறிக்காரன்:
டிஸ்க்கைக் கழற்றினேன், ஒருமணி நேரம் ஒரு பிங் கூடத் தவறவில்லை. சொருகி ஒரு பெரிய டிசைனைத் திறந்தேன், மவுஸ் உடனே நொண்டியது! இப்போது வலதுபக்கக் கறுப்பு ஓட்டையில் போட்டு மத்தியானம் முழுக்க வேலை பார்த்துவிட்டேன், அறவே இல்லை. காப்பிதான் ஆமையாக நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஈரோடு போகிறேன், அந்த வயர் வாங்கி வந்து மறுபடி நீலத்தில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேனுங்க.