எம்.பி. வருகிறார், என்ன கேட்கலாம்? (காட்பாடி காந்தி நகர் தெருக் குழு)

கோபால் (சங்கச் செயலாளர்): எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு எம்.பி. நம் தெருவுக்கு வருகிறார். மனு தயார் செய்யணும். ஆறு சோலார் தெருவிளக்கு கேட்கலாம் என்று இருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

பாபு: சார், பிள்ளையார் கோயில் முனையில் இருக்கிற சோலார் விளக்கைப் பார்த்தீர்களா? நேற்று ஏறிப் பார்த்தேன். பேட்டரி உப்பி, பெட்டி மூடியே வாயைத் திறந்து நிற்கிறது. பேனலில் ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. துடைத்துவிட்டு மீட்டர் வைத்தால் வோல்டேஜ் ஒழுங்காக வருகிறது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரி மாற்றத்தான் ஆள் இல்லை.

சரஸ்வதி டீச்சர்: பாபு சொல்வது சரி. எம்.பி. தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து அவ்வளவுதான். விளக்கைக் கவுன்சிலரிடமே கேட்கலாமே. எம்.பி. மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கேட்போம்.

நித்யா: என்ன டீச்சர் அது?

சரஸ்வதி டீச்சர்: மக்களவையில் கேள்வி கேட்பது. சபை கூடினதும் முதல் ஒரு மணி நேரம் அதற்குத்தான். நட்சத்திரக் குறி போட்ட கேள்வி நாளைக்கு 20. அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், அங்கேயே துணைக் கேள்வியும் போடலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். எதுவானாலும் 15 நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். கேள்வியை நாமே எழுதிக் கையில் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம்.

சுலோசனா அக்கா: அப்படியென்றால் என் கதையைக் கேளுங்கள். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஐந்து மாசம் ஆச்சு. நாம் வாரியத்துக்குத் தருகிற கரண்டையும் கணக்கில் கழிக்கிற நெட் மீட்டர் வந்தபாடில்லை. அது வைத்தால்தான் மானியம் 78,000 வரும். அதை நம்பித்தான் வளையலை அடகு வைத்தேன். மேலே பேனல் வெயில் காய்கிறது, கீழே கரண்ட் பில் அப்படியே வருகிறது. கேட்டால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்கிறார்கள்.

சரஸ்வதி டீச்சர்: சுலோ, இதுதான் கேள்வி. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 1 கோடி வீட்டு மாடிக்கென்று 75,021 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த பி.எம். சூர்ய கர் திட்டம் அது. வேலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை வீட்டுக்கு மீட்டர் வந்தது, மானியம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? இதை அப்படியே அவையில் கேட்கச் சொல்லுவோம். வருகிற பதில் அவைப் பதிவில் நிற்கும், அதைக் காட்டி யாரிடமும் பேசலாம்.

நித்யா: நாடாளுமன்றத்தின் எரிசக்தி நிலைக்குழுவையும் மனுவில் எழுதலாம் டீச்சர். இரண்டு அவையிலிருந்தும் 31 பேர். மின்துறை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை இரண்டும் வருஷச் செலவுக்குக் கேட்கிற தொகையை அவர்கள்தான் அலசுகிறார்கள். நம் எம்.பி. அதில் இல்லாவிட்டாலும், இருக்கிற ஒருவரிடம் சேர்க்கச் சொல்லலாம்.

முருகேசன் மாமா: கேள்வி கேட்டு, சட்டம் போட்டு என்ன ஆகும்மா? நான் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் 22 வருஷம் இருந்தவன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். துணி துவைத்தால் வெள்ளை வேட்டி மஞ்சளாகிவிடும். பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை அப்போது யார் கேட்டார்கள்?

சரஸ்வதி டீச்சர்: கேட்டார்கள் அண்ணா. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியது. மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்று இந்தியா முழுக்க இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு. இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னார்களே, அதற்கு எந்த அதிகாரம் தெரியுமா? நாடாளுமன்றம் 1986இல் இயற்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவு. டெல்லியில் எழுதின அந்த நாலு வரிதான் பத்து வருஷம் கழித்து நம் ஆற்றுக்குத் துணைக்கு வந்தது.

முருகேசன் மாமா: இவ்வளவு விஷயம் எனக்குத் தெரியாதும்மா. தீர்ப்பு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நித்யா: பருவநிலைக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அமைச்சராக இல்லாத எம்.பி.யே தனிநபர் மசோதா என்று ஒரு சட்ட முன்வரைவு கொண்டுவரலாமா டீச்சர்?

சரஸ்வதி டீச்சர்: கொண்டுவரலாம். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றும் சட்டமாகவில்லை, ஆனாலும் விவாதத்துக்கு வந்தால் அரசு பதில் சொல்லணும். பட்ஜெட்டிலும் கண் வைக்கணும். 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று செஸ் என்கிற தனி வரி போட்டார்கள், தூய எரிசக்திக்கென்றே. 400 வரை ஏறிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நேரத்தில் சபையில் எல்லோரும் கேட்டிருக்கணும்.

நித்யா: மனு நான் அடிக்கிறேன். ‘மதிப்பிற்குரிய வேலூர் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு’ என்று ஆரம்பிக்கட்டுமா?

கோபால் (சங்கச் செயலாளர்): அரக்கோணம் என்று போடும்மா. காட்பாடி அந்தத் தொகுதியில்தான் வருகிறது.

முருகேசன் மாமா: ராணிப்பேட்டையும் அதேதான். நானும் வருகிறேன் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கிணற்றை நானே சொல்கிறேன்.

பாபு: கோயில் முனை பேட்டரியையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் சார். புது விளக்கு தந்தால் ஐந்து வருஷப் பராமரிப்போடு தரணும் என்று.

சுலோசனா அக்கா: விண்ணப்ப ரசீது பீரோவில் இருக்கிறது. காலையில் ஜெராக்ஸ் எடுத்து நித்யா வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.