பிரிஞ்சாங் மலைச்சாலையில் செந்நிறமாக ஒளிர்ந்த கம்பி: ஜீப்பில் சூடேறும் இருக்கை பொருத்தியவர்களின் அனுபவங்கள்

ஈசூன்வாசி:
சென்ற டிசம்பரில் கேமரன் மலைக்குப் போயிருந்தபோது நடந்த ஒன்று இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என்னுடையது ஜிம்னி என்ற சிறிய ஜீப். முன் இருக்கைகள் இரண்டிலும் உட்காரும் பகுதியில் ஒன்றும் முதுகுப்பகுதியில் ஒன்றுமாக ஹீட்டர் பேட்களை ஒரு பட்டறையில் கொடுத்துப் பொருத்தியிருந்தேன். இருக்கை உறைக்கு அடியில் விரிக்கும், உள்ளே சூடேறும் மெல்லிய கம்பி ஓடும் விரிப்புகள் அவை. பிரிஞ்சாங்கில் இரவு மழை; இருவரும் சூட்டை உயர்நிலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தோம். காலடியில் உருண்டுபோன குடையை எடுப்பதற்காக என் மனைவி தம் இருக்கையைச் சற்று முன்னே நகர்த்தினார். அடியில் ‘க்ரக்’ என்று ஒரு சத்தம், அடுத்த நிமிடம் ரப்பர் கருகும் வாடை. குனிந்து பார்த்தபோது, இருக்கை நகரும் தண்டவாளத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அடுப்பில் காய்ச்சிய ஊசியைப் போலச் செந்நிறமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்ஜினை அணைத்ததும் அதுவும் மெதுவாகக் கறுத்தது. அந்தப் பதற்றத்தில், “யார் உன்னை இருக்கையை நகர்த்தச் சொன்னது?” என்று அவரைத் திட்டிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் ஃபியூஸ் எரிந்திருக்கவே இல்லை. அது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சேற்றுச்சக்கரம்:
விளங்காமல் இருப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. இரண்டு இருக்கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கையில் கிடைத்த 30 ஆம்பியர் ஃபியூஸை யாரோ சொருகியிருப்பார்கள். தண்டவாளத்தில் நசுங்கிய மெல்லிய வயர் 20 ஆம்பியரிலேயே பழுத்துவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸ் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுநரோ பயணியோ இருக்கையை நகர்த்துவார் என்று தெரிந்தும் வயரைத் தண்டவாளத்தின் மேல் விட்டவர்தான் குற்றவாளி. உங்கள் மனைவியை இதில் இழுத்தது அநியாயம், அண்ணே.

என் கதை வேறு. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரத்தை விடும் ரிலே என்ற சுவிட்ச் எதற்கு, வீண் செலவு என்று நினைத்துப் பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தேன். கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் இரவு தங்கினோம். படுக்கும்முன் டேஷ்போர்டில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். திருட்டு எச்சரிக்கை விளக்கு என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். உண்மையில் அது இருக்கைச் சூட்டின் விளக்கு. 4 ஆம்பியர், 8 மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கை மட்டும் இட்லிப் பானையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

பொங்கோல் வண்டிக்காரர்:
சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989இல். இந்த ஊரில் சூடேறும் இருக்கை பொருத்துகிறேன் என்று சொன்னபோது என் அலுவலகத்தில் சிரிக்காதவர் இல்லை. நான் பொருத்தியது குளிருக்காக அல்ல. முதுகெலும்பில் வட்டு நகர்ந்து நான்கு மாதம் அவதிப்பட்டவன் நான். மத்திய விரைவுச்சாலையில் மாலை நெரிசலில், முகத்தில் ஏர்கான் காற்றும் இடுப்பில் இளஞ்சூடுமாக, வலியில்லாமல் வீடு சேர்ந்த முதல் நாளன்று வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்காமல் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுக்குமாடி வாகன நிறுத்தகத்தின் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பூன்லே மகள்:
மேலே எழுதியவருக்கு வலி குறைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் முதுகுவலிக்கு மருந்து என்று யாரும் இதைப் பெற்றோருக்குப் பொருத்திக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். என் தந்தைக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய். கால்களில் உணர்ச்சி குறைவு. தம்பியின் ஹைலக்ஸ் வண்டியில் வடக்கே ஈப்போவரை சென்றபோது, “சுகமாக இருக்கிறதம்மா” என்று சொல்லிக்கொண்டே ஐந்து மணி நேரம் சூட்டின்மேல் உட்கார்ந்து வந்தார். அன்றிரவு விடுதியில் வேட்டி மாற்றும்போது அவருடைய தொடையின் பின்புறத்தைப் பார்த்தேன். பேட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடும் கம்பியின் வடிவம், கோலம் போட்டதைப் போல, சிவப்புக் கோடுகளாக அப்படியே பதிந்திருந்தது. இரண்டு இடங்களில் கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை. எனக்கு இன்றும் அந்தக் கோடுகள்தாம் கண்ணுக்குள் நிற்கின்றன. கைபட்டால் சுடாது என்று நாம் நினைக்கும் 45 டிகிரிச் சூடுகூட, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். உணர்ச்சியுள்ளவர் தம்மை அறியாமலேயே அசைந்து உட்கார்ந்துவிடுவார். என் தந்தை அசையவில்லை.

மேட்டுப்பாதை:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! ஓர் ஓடையைக் கடக்கும்போது ஆழத்தைத் தவறாகக் கணித்து, இருக்கையின் பஞ்சுவரை நீர் ஏறிவிட்டது. கரையேறி ஒரு மணி நேரம் கழித்துச் சூட்டைப் போட்டேன். இரண்டு தொடைகளுக்கும் நடுவிலிருந்து ஆவி எழும்பியது. பின்னால் இருந்த நண்பர்கள் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. பஞ்சு காய்ந்ததும் உண்மை. ஆறு மாதத்திற்குப் பிறகு இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பியைக் கழற்றினால் உள்ளே முழுவதும் பச்சைக் களிம்பு என்பதும் உண்மை.

ஓய்வுபெற்ற மின்பணியாளர்:
நனைந்த இருக்கைக்கு மின்சாரம் கொடுத்ததைப் பெருமையாக எழுதுகிறீர்கள், தம்பி. அந்தக் களிம்பு இணைப்பியில் மின்தடையை ஏற்றும். தடை ஏறிய இடம் சூடேறும். கடைசியில் பிளாஸ்டிக் உருகும். என்னுடைய அனுபவம் ஒரு வரிதான்: மகனின் வண்டியில் நானே பொருத்தினேன், ஏழு ஆண்டுகளாகக் கோளாறு இல்லை. எப்படிச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும் இணைப்பி ஏர்பேக்கினுடையது. அதைச் சோதனைக் கருவியால் குத்திப் பார்க்கும் மேதாவிகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையில், அது கிழித்துக்கொண்டு வெளிவரும் தையல் ஓரத்தை எதனாலும் மறைக்கக்கூடாது. பயணி இருக்கைக்குள் ஆள் இருப்பதை உணரும் தகடு இருந்தால் பேட்டை அதன்மேல் விரிப்பது தவறு; தகடு குழம்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும், விபத்து நேரத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. பேட்டில் ஒரு மடிப்புகூட விழக்கூடாது, மடிந்த இடத்தில் சூடு இரட்டிக்கும். கூரையில் சாமான் கட்டுவதற்காக இருக்கையின்மேல் முழங்காலை ஊன்றி ஏறும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அதில்தான் அறுகிறது.

ரிலேயைப் பொறுத்தவரை, 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரவேண்டும், அந்த ஃபியூஸும் பேட்டரிக்கு இயன்றவரை அருகில் இருக்கவேண்டும். 87 இருக்கைகளுக்கு, 86 சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வயருக்கு, 85 எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடலுக்கு. இப்படிச் செய்திருந்தால் செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் வண்டி தள்ளியிருக்க வேண்டியதில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் பொதுவான வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். எர்த் கொடுக்கும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள், சேற்றில் ஓடும் வண்டியில் முதலில் கெடுவது அதுதான். ரிலே, முனைகள், வயர் இணைப்பை மூடச் சூட்டில் சுருங்கும் குழாய் எல்லாம் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்கே கிடைக்கும். கடைசியாக, வயருக்கு நெளிகுழாய் போட்டு, இருக்கையை முழுவதும் முன்னும் பின்னும் பத்துமுறை நகர்த்திப் பார்த்த பிறகே கட்டவேண்டும். ஈசூன்வாசியின் பட்டறைக்காரர் அந்தப் பத்துமுறையை மிச்சம் பிடித்துவிட்டார்.

சேற்றுச்சக்கரம்:
ஐயா, நான் வண்டி தள்ளியதாக எழுதவே இல்லையே! என்னுடையது தானியங்கி கியர். தள்ளிக் கிளப்ப முடியாது. தோட்டத்து லாரிக்காரர் ஒருவர் வந்து தம் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துக் கிளப்பிவிட்டார்.

ஈசூன்வாசி:
நேற்று கீழே சென்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பச்சை நிறம், மேலே 30 என்று எழுதியிருக்கிறது. சேற்றுச்சக்கரம் ஊகித்தது சரி. பயணி இருக்கையின் பேட்டைக் கழற்றிவிட்டேன், என் பக்கத்தினுடையதை 10 ஆம்பியர் ஃபியூஸோடு தனியாக மாற்றிப் போடும்வரை இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன். கருகிய வயர்த் துண்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஐயா எழுதியதைப் பாதியிலேயே விட்டுவிட்டார். இரண்டாவது பதிவை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, “அந்த அண்ணனுக்கு நான் நன்றி சொன்னதாக எழுதுங்கள்” என்றார். எழுதிவிட்டேன்.